வெடி போட்டு எடுத்த படம்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், ஆழ்வார்திருநகரி)



சென்ற ஆண்டு மலரின் பின்அட்டையில் வந்த படம் ஞாபகம் இருக்கிறதா? குளத்துச் சேற்றிலிருந்து அரிவாள் மூக்கன்கள் நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் எழும்பிப் பறக்கிற படம். நம் பேரவை நடத்திய புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. "இயற்கை எழுதிய கவிதை" என்று ஆசிரியர் குழு அதற்குத் தலைப்புக் கொடுத்திருந்தது. எடுத்தவன் நான்தான். மேடையேறி ஷீல்டு வாங்கியபோது சிவில் பிரிவு நண்பர்கள் அடித்த விசில் இன்னும் காதில் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பறவைகள் தானாக எழும்பவில்லை. நாங்கள் வெடி போட்டு எழுப்பினோம்.

பொங்கல் லீவில் நடந்தது. நானும் என் சிநேகிதனும் பைக்கில் ஒரு குளத்துக்குப் போனோம். எந்தக் குளம் என்று எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் கேமராவும் கையுமாக அந்தக் கரையில் நிற்பார்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரிகிற வடகாலிலும் தென்காலிலும் தண்ணீர் வாங்குகிற குளங்களில் அது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தோம். பறவைகள் சேற்றைக் கிளறிக்கொண்டே இருந்தன. ஒன்று பறக்கும், எதிர்பாராத பக்கம் போகும், நான் கேமராவைத் தூக்குவதற்குள் இறங்கிவிடும். எடுத்த எண்பது படத்தில் பாதி வெறும் வானம். மீதியில் வால் இருக்கும், தலை இருக்காது.

"எலே, இப்படியே இருந்தா மத்தியானச் சோறும் போச்சு" என்றான் சிநேகிதன். அவன் பையில் பொங்கலுக்கு வாங்கிய வெடி மிச்சம் இருந்தது. "நீ ரெடியா நில்லு, நான் அந்தப் பக்கம் போய் ஒண்ணே ஒண்ணு போடுதேன்." வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேமராவைச் சரி பண்ணிக்கொண்டு, "மடையப் பாத்துப் போடு, அப்பதான் இந்தப் பக்கமா எந்திரிக்கும்" என்று இடமும் காட்டினேன். ஆகவே பழியை அவன் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்தார் மீன் குத்தகைக் காவல் தாத்தா. "ஏலே, எவம்ல அது? மரத்துல குஞ்சு இருக்குல்லா!" என்று கத்தினார். நாங்கள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்துவிட்டோம். குஞ்சு எந்த மரத்தில், யாருடைய குஞ்சு என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறதா என்பதுதான் மனசு முழுக்க.

மலர் அச்சாகி வந்து இரண்டு மாதம் கழித்து, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது மூலையில் நாட்டுக் கருவேல மரங்கள். எல்லாப் பறவையும் வலது பக்கமாகப் போகிறது. இரண்டே இரண்டு மட்டும் எதிர்ப்பக்கம், அந்த மரங்களைப் பார்த்துப் போகின்றன. இன்னும் பெரிதாக்கினேன். காகங்கள்.

குளத்துக்குள் நிற்கும் அந்தக் கருவேல மரங்களில்தான் நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டியிருந்தன. அரிவாள் மூக்கனைக் கிளப்பப் போட்ட வெடியில் அவையும் கிளம்பிவிட்டன. முட்டையும் குஞ்சும் காவல் இல்லாமல் கிடந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்த் தாத்தாவைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அன்னைக்கு காக்காவுக்குத்தாம்ல கொடை விழா" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையை உதறப் போய்விட்டார்.

இந்தக் கதையை எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஆண்டும் பேரவை புகைப்படப் போட்டி அறிவித்திருக்கிறது. பறக்கும் பறவை என்றால் கைதட்டல் நிச்சயம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விடுதியில் இரண்டு பேர் என்னிடம், "அண்ணே, எந்தக் குளம்? எந்த வெடி?" என்றே கேட்டுவிட்டார்கள். நான் போட்ட கெட்ட பாதையில் தம்பிகள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

பறக்கும் பறவையைப் படம் எடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? நம் பாடத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், முதல் செமஸ்டர் கணக்குதான்.

ஒரு பறவை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நமக்குக் குறுக்கே பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குச் சுமார் 14 மீட்டர். நாம் நிற்பது 20 மீட்டர் தூரத்தில். லென்ஸ் 250 மி.மீ.; நம்மைப் போன்றவர்களுக்கு இரவலாகக் கிடைப்பது அதுதான். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் அந்த லென்ஸைப் போட்டால், 20 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் அகலம் 1.8 மீட்டர்கூட இல்லை. அதாவது பறவை ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரம் எட்டில் ஒரு நொடி. கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்த மனிதனுக்கு ஐந்தில் ஒரு நொடியாவது வேண்டும். பறவையைப் பார்த்த பிறகு பட்டனை அழுத்துகிறவனுக்கு வெறும் வானம்தான் கிடைக்கும். என்னுடைய எண்பது படத்தின் கதை இதுதான்.

சரி, தற்செயலாகப் பறவை உள்ளே அகப்பட்டுவிட்டது. ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடி வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் பறவை 14 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 18 மெகா பிக்சல் கேமராவின் சென்சாரில் அது சுமார் 40 பிக்சல் நீளத்துக்கு இழுபடும். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கும். ஃபோகஸ் விஷயம் இதைவிட மோசம். லென்ஸை எஃப் 5.6-இல் திறந்து வைத்தால் 20 மீட்டர் தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். நம்மை நோக்கி வருகிற பறவை அதைப் பத்தில் ஒரு நொடியில் கடந்துவிடும்.

இதற்கு மேல் வெளிச்சத்தின் சேட்டை வேறு. கருத்த தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு பறந்தால், கேமரா தண்ணீரைப் பார்த்து ஏமாந்து அதிக வெளிச்சம் வாங்கிவிடும். கொக்கு சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும், இறகே தெரியாது. வெளுத்த வானத்தில் நீர்க்காகம் பறந்தால் தலைகீழ், கரிக்கட்டைதான் மிஞ்சும். மொபைல் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. மொபைல் சென்சார் படத்தை ஒரே அடியாக வாங்குவதில்லை, வரிசை வரிசையாக வாங்குகிறது. கடைசி வரிசைக்கு வருவதற்குள் சிறகு வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஓடுகிற ஃபேனை மொபைலில் எடுத்துப் பாருங்கள், இறக்கைகள் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். பறவைக்கும் அதே கதிதான்.

ஆக, இந்த விஷயத்தில் குறுக்கு வழி தேடத் தோன்றுவது இயற்கை. ஒரு பறவை எப்போது பறக்கும், எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியவில்லை. வெடி போட்டால் இரண்டும் தெரிந்துவிடும்! வெடி செய்கிற வேலை அதுதான். நமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளாமலே வேலையை முடித்துக் கொடுக்கிறது. பரீட்சை ஹாலில் பிட் அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. பிட் அடித்தால் நஷ்டம் நம்மோடு போகும், இங்கே நஷ்டம் கூட்டில் கிடந்த குஞ்சுக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

இரவல் கேமரா எனக்கு எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணாச்சி தயவில் கிடைத்தது. கல்யாணம், சடங்கு, கோயில் விசேஷம் எல்லாவற்றுக்கும் அவர்தான். வைகாசி உற்சவத்தில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருட சேவை நடக்கும், தெரியும்தானே? நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருட வாகனத்தில் நம்மாழ்வாருக்கு முன்னால் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் தோளுக்குத் தோள் இடித்துக்கொண்டு பல வருஷமாகப் படம் எடுத்தவர் அண்ணாச்சி. அவரிடம் போய் என் எண்பது வானத்தையும் காட்டினேன்.

சிரித்துவிட்டார். "கருட வாகனம் நிக்கும்ல, கருடன் நிக்குமா?" என்றார். பிறகு தன் பழைய ஜெனிட் கேமராவை எடுத்துக் காட்டினார். ரஷ்யக் கேமரா. ஷட்டர் ஐநூறில் ஒரு நொடிக்கு மேல் போகாது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். கருப்பு வெள்ளைக்கு ஊட்டி தொழிற்சாலையின் 'இந்து' பிலிம் போடுவாராம். "முப்பத்தாறுல ஒண்ணு தப்புனா ஒரு நாள் டீக்காசு போச்சு. அதனால அழுத்துறதுக்கு முன்னாடி யோசிப்போம். நீங்க அழுத்திட்டுல்லா யோசிக்கிய" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் பறவையிடம் இல்லை, பஸ்ஸில்! "திருச்செந்தூர் ரோட்டுல நின்னு பஸ்ஸ எடு. டிரைவர் மூஞ்சி தெளிவா விழுற வரைக்கும் குளத்துப் பக்கம் போகாத." ஒரு வாரம் அப்படியே நின்றேன். டிரைவர்கள் எல்லாம் யாரோ ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று நினைத்திருப்பார்கள். காலை அகட்டி வைத்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, பஸ் போகும் வேகத்துக்கே கேமராவையும் நகர்த்தி, அந்த நகர்வை நிறுத்தாமல் பட்டனை அழுத்த வேண்டும். அப்போது பஸ் அசையாது, பின்னால் இருக்கிற வாழைத்தோப்புதான் இழுபடும். மேலே போட்ட கணக்கில் 40 பிக்சல் என்று வந்ததே, அது கேமரா சும்மா நின்றால்தான். பறவையோடு சேர்ந்து கேமராவும் திரும்பினால் சார்பு வேகம் ஏறக்குறைய பூஜ்யம். சிறகு நுனி மட்டும் கலங்கும், கலங்கட்டும். சிறகு அடிப்பதால்தானே அது பறக்கிறது!

அண்ணாச்சி சொல்லாத ஒன்றை நானே கண்டுபிடித்தேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். பறவையும் விமானத்தைப் போல முடிந்தவரை எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். வாகைக்குளம் விமான நிலையத்தில் பார்க்கிற அதே சங்கதி. நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே பறவைகள் இறங்கும்போது வடகிழக்கைப் பார்த்துத்தான் வரும். சாயந்தரம் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றால் பறவையின் முதுகும் வாலும்தான் தெரியும். காலையில் சூரியனை முதுகுக்கு வைத்து மேற்கே பார்த்து நின்றால் முகத்தில் வெயில் பட நம்மை நோக்கியே வரும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது இது அப்படியே தலைகீழ். அப்போது சாயந்தரம்தான் சரி. நான் தை, மாசிச் சாயந்தரங்களில் போய் வால் வாலாக எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது தனிச் சோகம்.

காற்று இன்னொரு உதவியும் செய்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பறவைக்கு எதிரே 20 கிலோமீட்டர் காற்று அடித்தால், தரையில் நிற்கிற நமக்கு அது 30 கிலோமீட்டர்தான். கஷ்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. காற்று பலமாக அடிக்கிற நாளில் மீசை ஆலாக்கள் குளத்துக்கு மேலே காற்றை எதிர்த்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி இதைவிட நல்ல வாத்தியார். சிறகை அடித்துக்கொண்டு அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும், தலை மட்டும் குனிந்து தண்ணீரைப் பார்க்கும், அப்புறம் கல் மாதிரி விழும். புதிதாகப் படம் பழகுகிறவர்கள் அரிவாள் மூக்கன் கூட்டத்தை விட்டுவிட்டு மீன்கொத்தியிடம் போகலாம் என்பது என் தாழ்மையான யோசனை. கூழைக்கடாவும் பரவாயில்லை. கனத்த உடம்பு, தண்ணீரில் கொஞ்ச தூரம் தத்தித் தத்தி ஓடித்தான் எழும்பும். அந்த ஓட்டம் நமக்கு மணி அடித்த மாதிரி.

இதெல்லாம் கேமராவில் இருக்கிற சங்கதி இல்லை என்பதைக் கவனியுங்கள். பறவை எப்போது எழும்பும், எங்கே திரும்பும் என்பது தெரிந்துவிட்டால் எட்டில் ஒரு நொடி தாராளமான நேரம். தெரியாவிட்டால் லட்ச ரூபாய் கேமராவும் வானத்தைத்தான் எடுக்கும். இப்போது வருகிற புதிய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்கின்றனவாம், நொடிக்கு இருபது, முப்பது படம் எடுக்கின்றனவாம். எடுக்கட்டும். பறவை படத்துக்குள் வந்தால்தானே கண்ணைக் கண்டுபிடிக்க!

இந்த விஷயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பிரான்சு நாட்டில் மாரே என்று ஒரு விஞ்ஞானி. பறவையின் சிறகு எப்படி அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு 1882-இல் துப்பாக்கி மாதிரியே ஒரு கேமரா செய்தார். தோளில் வைத்துக் குறி பார்த்து விசையை இழுத்தால், உள்ளே ஒரு தட்டு சுழன்று ஒரே நொடியில் பன்னிரண்டு படம் விழும். மெக்கானிக்கல்காரர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், ரிவால்வரின் சுழலும் அறைகள்தான் மூல யோசனை. இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் அவர் கடற்பறவைகளைக் குறி பார்த்துக்கொண்டு திரிந்தபோது, நாள் முழுக்கத் துப்பாக்கியோடு அலைந்தும் ஒன்றையும் சுட்டு வீழ்த்தாத பைத்தியக்காரன் என்று ஊர்க்காரர்கள் அவரைக் கேலி செய்தார்களாம். சினிமா வருவதற்கும் ஒரு படிக்கல்லாக இருந்த கருவி அது. சுடாத துப்பாக்கியோடு அவர் நின்றார். சுடாத கேமராவோடு போன நாங்கள் வெடி போட்டோம்.

வெளிநாட்டுக்கு ஏன் போக வேண்டும்? ஆற்றுக்கு வடகரையில் இருக்கிற பெருங்குளத்தைப் பாருங்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா பிறந்த ஊர் அது. அவருடைய மகன் மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், இந்தியாவின் காட்டுயிர்ப் புகைப்படக்காரர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுகிறவர். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். வண்ணப்படம் வந்த பிறகும் கருப்பு வெள்ளையை விடாதவர். கேமரா வாங்கக் காசில்லை என்று முனகுகிற நாம் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பல கேமராக்களின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தனக்கு வேண்டிய கேமராவைத் தானே உருவாக்கிக்கொண்டார். 1950-இலிருந்து 1996-இல் காலமாகும் வரை 46 ஆண்டுகள் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதினார். அணிலும் காகமும்கூட அவருக்குப் பொருட்டுதான். நம் பக்கத்து ஊர்க்காரரின் பெயரை நம் கல்லூரியில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? நானும் இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

இதைப் பற்றி விடுதியில் பேசியபோது நண்பர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "படம்தான்ல எடுத்தோம், சுட்டா தின்னோம்?" என்றான் ஒருவன். அவனுக்கு ஒரு சேதி. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. விலங்கை விரட்டி ஓட்டுவதும் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அந்த விளக்கத்துக்குள்ளேயே வருகின்றன. எந்தப் போலீஸும் எங்களைப் பிடிக்க வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஆனாலும் என் ஷீல்டுக்குச் சட்டம் வைத்திருக்கிற பெயர் எனக்குத் தெரிந்துவிட்டதே.

இன்னொருவன் கேட்டது கொஞ்சம் நியாயமான கேள்வி. "ஊர்க் கொடைக்கு அதிர்வேட்டு போடுதாங்க, வயல்ல டிராக்டர் ஓடுது, ரயில் கூவிக்கிட்டுப் போகுது. நீ போட்ட ஒத்த வெடிதான் பறவைய அழிச்சிருச்சாக்கும்?" ஒத்த வெடியில் இனம் அழியாது, ஒப்புக்கொள்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை இந்தப் பக்கத்துக் குளங்களை உடைத்து, ஊர்களையே தீவாக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அதற்கு முன்னால் என் வெடி எம்மாத்திரம்? ஆனால் மழையை யாரும் போட்டோவுக்காக வரவழைக்கவில்லை. டிராக்டர் சோறு போடுகிறது. கொடைக்கு வேட்டு வேண்டாம் என்று ஊர்க்காரர்களிடம் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, தகுதியும் இல்லை. ஆனால் கூந்தன்குளத்துக்காரர்களைப் பாருங்கள். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம், 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்ச்சனம் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. சின்னப் பிள்ளைகள்கூட மத்தாப்போடு சரி. தீபாவளியையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், நம்மால் ஒரு ஷீல்டை விட்டுக்கொடுக்க முடியாதா?

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-லிருந்து ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களாகப் போகலாம். இந்த ஆண்டு நானும் போனேன். கரையில் டெலஸ்கோப்பை வைத்து மூச்சு விடாமல் எண்ணுகிறார்கள். கூட்டம் கிளம்பிவிட்டால் எண்ணிக்கை கெட்டுப்போகும், அதனால் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறார்கள். பறவை பறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு பறவை பார்க்கிற கூட்டத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். போட்டிக்குப் பெயர் கொடுக்க நினைக்கிற தம்பிகள் ஒருமுறை அங்கே போய்விட்டு வந்தால் நல்லது. தும்பி அளவுதான் தெரிகிற ஒரு புள்ளியைப் பார்த்து, "அது புள்ளிமூக்கு வாத்து, இது ஊசிவால் வாத்து" என்று சொல்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். போட்டிக்கு வருகிற ஒவ்வொரு பறவைப் படத்துக்கும் பின்னால் நேரம், காற்று, தூரம், எப்படி எடுத்தோம் என்பதை எடுத்தவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விரட்டி எடுத்தது, கல் எறிந்து எடுத்தது, டிரோன் விட்டுக் கலைத்தது, கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்தது எதுவும் வேண்டாம். பொய் எழுத மாட்டார்களா என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் சென்ற ஆண்டு என் கை கொஞ்சம் நின்றிருக்கும். நடுவர்களும் பளபளப்பை மட்டும் பார்க்காமல் அந்த நாலு வரியையும் படித்து மார்க் போட வேண்டும். இப்போது மொபைலில் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தாலே ஆயிரம் அரிவாள் மூக்கன் பறக்கிற படத்தை வரைந்து கொடுத்துவிடுகிறது, என் படத்தைவிட அழகாக! அப்புறம் நாம் எதற்குக் குளத்துக்குப் போவது? அன்றைக்குக் காலையில் அந்தப் பறவை அங்கே பறந்தது, அதை ஒருவன் உட்கார்ந்து பார்த்தான் என்பது ஒன்றுதான் நம் கையில் மிச்சம். அதிலும் வெடியைக் கலந்துவிட்டால் எப்படி?

ஷீல்டைப் பேரவைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "கணக்குல எழுதியாச்சு, திரும்ப வாங்க முடியாது" என்கிறார் அவர். எடுத்துக்கொண்டு போக எனக்கும் மனசில்லை. ஆகவே இப்போதைக்கு அது பேரவை அறை பீரோவின் மேல் தூசி பிடித்துக்கொண்டு இருக்கிறது. என் சிநேகிதன் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "எம்பேர மட்டும் போட்டுறாத" என்றான். போடவில்லை. ஆனால் மாசி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவனும் என்னோடு கரைக்கு வந்தான். தாத்தாவுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற பொறுப்பு அவனுடையது.

இந்தக் கட்டுரையோடு ஒரு படம் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் குழு போடுமோ போடாதோ தெரியாது, பின்அட்டைக்கு நிச்சயம் தேறாது. ஒரே ஒரு சின்னக் கொக்கு. ஞாயிறு காலை 7 மணி 10 நிமிடம், வாடைக்காற்று, தூரம் சுமார் 20 மீட்டர், ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி. இடது சிறகின் நுனி கலங்கியிருக்கிறது. அலகில் ஒரு சுள்ளி வைத்திருக்கிறது, கருவேல மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பதினோரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.